மேற்குக் கரையும் சயான் வெஸ்டும்

எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் நீளமான மேஜை ஒன்று, அதன் இரு பக்கமும் இரண்டு மர பெஞ்சுகள். பெஞ்சில் யார் பெயரும் எழுதியிருக்காது. ஆனாலும் எந்த இடம் யாருடையது என்று சுவரில் இருக்கும் பல்லிக்குக்கூடத் தெரியும். ஜன்னலோரம் கணக்கு மேடத்துடையது. ஃபேனுக்கு நேர் கீழே மராத்தி சார். அவர் லீவு போட்ட நாளிலும் அவருடைய தண்ணீர் பாட்டில் அங்கே உட்கார்ந்திருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டு உட்காரும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

இடமெல்லாம் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு. ஒரு பீரியடுக்கு இவ்வளவு என்று வந்து போகும் என்னைப் போன்றவர்களுக்குக் கிடையாது. யாராவது வகுப்புக்குப் போயிருந்தால் அவர்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அவர்கள் வாசலில் தெரிந்ததும் எழுந்துவிட வேண்டும். எழுந்திரு என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லும்வரை நான் விட்டதும் இல்லை. கதவு கிறீச்சிட்டாலே பாதி எழுந்திருப்பேன். பையை மட்டும் எப்போதும் மடியிலேயே வைத்திருப்பேன். பெஞ்சில் வைத்தால் எழுந்திருக்கும்போது அதை வேறு எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு என்னைப் பசு என்று நினைத்துவிடாதீர்கள். தாராவிக் குழாயடியில் குடம் வைத்து வளர்ந்த வாய் என்னுடையது. அந்த வாயை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பல வருஷம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் இந்த பெஞ்சில் எனக்கென்று ஒரு சாண் இடம் வரும், என் பாட்டிலையும் அங்கே வைப்பேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

போன மழைக்காலத்தில் அந்த நாள் கிட்டே வந்தது. அரசியல் பாடத்தில் ஒரு நிரந்தர இடம் காலியானது. விண்ணப்பித்த நாலைந்து பேரும் தேர்வுக் குழுவின் முன்னால், மாணவர்களை உட்கார வைத்து, ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். யாருக்கு எந்தத் தலைப்பு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து, அடிப்படை உரிமை என்று சாதுவான தலைப்புகளாக வந்தன. என் சீட்டைப் பிரித்தால், அரபு–இஸ்ரேல் நிலத் தகராறில் வரைபடங்களின் பங்கு! பிரின்சிபால் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஜாக்கிரதையா எடுங்க, யார் மனசும் புண்படக் கூடாது" என்றார். அந்தத் தலைப்பில் யார் மனசும் புண்படாமல் பேசுவதற்கு ஒரே வழி, வகுப்புக்கே போகாமல் இருப்பதுதான்.

வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தென் மும்பையில் கோட்டைப் பக்கம் ஒரு பேங்கில் வேலை. நாங்கள் சந்தித்தது ஹார்பர் லைன் ரயிலில். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஓரத்தில் நாலாவதாக ஒருவரை ஒட்ட வைத்துக்கொள்வது பம்பாய் தர்மம். அன்றைக்கு லேடீஸ் பெட்டியை விட்டுவிட்டு நான் பொதுப் பெட்டியில் ஏறியிருந்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒருவர், "தோடா சர்க்கோ" என்றார். கொஞ்சம் தள்ளிக்கோங்க என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று வந்தது. "எங்கன தள்ள? சன்னல் வழியா வெளிய தள்ளவா?" என்று தமிழில் முணுமுணுத்தேன். அவர் தமிழிலேயே, "வேண்டாம், மழை பெய்யறது" என்றார். எங்கள் கல்யாணக் கதை அவ்வளவுதான். இப்போது செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

"என்ன தலைப்புடீ வந்தது?" என்றார்.

"இஸ்ரேல், பாலஸ்தீனம், வெஸ்ட் பேங்க், மேப்பு. எல்லாம் என் தலையில வந்து விடிஞ்சிருக்கு."

"வெஸ்ட் பேங்கா? அது எங்க பேங்கோட மெர்ஜ் ஆகப்போறதோ?"

"வெளாடாதீங்க. இந்தத் தடவையும் விட்டா நான் மடியில பையோடதான் ரிட்டையர் ஆவணும்."

அவர் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேன், கேட்டயா? மேப்பு நான் வரைஞ்சு தரேன்" என்றார். அவருக்குத் தன் கையெழுத்தின் மேல் ஒரு கர்வம் உண்டு. பேங்கில் பண்டிகை வாழ்த்துப் பலகை எழுதுவது அவர்தான்.

அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் வேலையை ஆரம்பித்தோம். நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. சண்டை நடக்கும் இந்த வருஷங்களில் எங்கள் கட்டட வாட்ஸாப் குழுவுக்கு வராத வரைபடமா? குறிப்பாக இரண்டு, மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் நாலு படம் வரிசையாக இருக்கும். முதல் படத்தில் முழுக்கப் பச்சை, அப்புறம் கொஞ்சம் குறைந்த பச்சை, இன்னும் குறைச்சல், கடைசியில் அங்கங்கே சிந்தின கொத்தமல்லித் தழை மாதிரி நாலு பொட்டு. இன்னொன்றில் ஒரே படம்தான். மொராக்கோவிலிருந்து ஈரான் வரைக்கும் பெரிய பெரிய நாடுகள் ஒரே நிறத்தில் கிடக்க, நடுவில் இஸ்ரேல் மட்டும் நீல நிறத்தில் நகம் அளவுக்கு.

"இதைப் பாத்தா அவா பாவம்னு தோணறது. அதைப் பாத்தா இவா பாவம்னு தோணறது" என்றார் வீட்டுக்காரர்.

"தோணணும்னுதான் வரஞ்சிருக்காங்க."

நாலு படத்தை நான் அவருக்கு விளக்கினேன். முதல் படத்தில் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து நிறம் அடித்திருக்கிறார்கள். அப்போது ஆட்சி பிரிட்டிஷ்காரன் கையில். இரண்டாவது படம் ஐ.நா. பிரித்துக்கொடுத்த திட்டம், தரையில் அப்படி நடக்கவே இல்லை. மூன்றாவதில் பச்சையாக இருக்கும் இடத்தை அப்போது ஜோர்டானும் எகிப்தும் வைத்திருந்தன. நாலாவது படம் இன்றைக்கு யார் எங்கே நிர்வாகம் செய்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. நாலும் நாலு விஷயம், ஒரே பச்சையில். உடனே வீட்டுக்காரர், "அப்போ இது டுபாக்கூர்ங்கறயா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினது டுபாக்கூரா? வருஷா வருஷம் கைவிட்டுப் போன நிலம் டுபாக்கூரா? அந்த நஷ்டம் நிஜம். அதைச் சொல்லக் கணக்கைக் கொஞ்சம் கலந்து கட்டியிருக்கிறார்கள்.

"சரி, அப்போ இந்த நகம்?"

"அதும் அப்படித்தான். சின்ன நாடுங்கறது நெசம். சுத்தி இருந்தவங்க சேந்து அடிக்க வந்ததும் நெசம். ஆனா அந்த நகத்துக்குள்ள ஒரு கோடு இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜனம் இருக்கே, அது எங்க? அவ்வளவு தூரத்துல போயி நின்னு படம் புடிச்சா அது எப்படித் தெரியும்?"

அவர் யோசித்துவிட்டு, "நம்மாத்து அலமாரி மாதிரி" என்றார். எங்கள் வீட்டு மர அலமாரியில் அவருக்கு இரண்டு தட்டு, எனக்கு நாலு தட்டு. தூரத்தில் நின்று பார்த்தால் ஓர் அலமாரி, ஒற்றுமையான தம்பதி. கிட்டே போய்ப் பார்த்தால் அவருடைய இரண்டாவது தட்டிலும் பாதி என் புடவைதான். இதைச் சாக்காக வைத்து அந்தப் பாதியைத் திருப்பித் தரச் சொன்னார். கல்யாணமான வருஷத்திலிருந்து அது என்னிடம் இருக்கிறது, இப்போது பேச முடியாது என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்த கையோடு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நமக்கு அலமாரி, சிரித்துவிட்டுப் போகலாம். அங்கே அதே வார்த்தைகளுக்குப் பின்னால் துப்பாக்கி நிற்கிறது, குழந்தைகள் சாகின்றன. வகுப்பில் விளையாட்டாக ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

மழைக்காலத்தில் கல்லூரி ப்ரொஜெக்டரை நம்ப முடியாது. அதனால் பெரிதாக, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு வரைபடம் வேண்டும். தாராவியில் தெரிந்த பேனர் கடையில் பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ஏதோ ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. முன்பக்கம் அவர் பெரிய மீசையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் சுத்தமான வெள்ளை. நான் பென்சிலால் எல்லைகளை வரைந்து கொடுத்தேன். இடது பக்கம் கடல், வலது ஓரத்தில் ஜோர்டான் ஆறு, நடுவில் இரண்டு ஜனத்தையும் பிரித்து வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் அந்தக் கோடு.

சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வீட்டுக்காரர் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். ஒரு பக்கம் காவி, ஒரு பக்கம் பச்சை.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்னடீ? கணபதி டெக்கரேஷன்ல மிஞ்சின பெயின்ட். நன்னாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பாக்கறவன் இஸ்ரேலையா பாப்பான்? இந்த ஊர்ல காவியையும் பச்சையையும் பக்கத்துல வெச்சா என்ன நெனப்பான்? வாய் தொறக்கறதுக்கு முன்னாலயே கிளாஸ் ரெண்டாப் பிரிஞ்சிரும். என் வேலைக்கு நீங்களே ஒல வெச்சிருவீங்க போலிருக்கே!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி வெள்ளை அடித்தோம். காய்ந்தபின் ஒரு பக்கம் வெளிர் மஞ்சள், ஒரு பக்கம் பால் ஜாஸ்தியாகப் போட்ட காப்பி நிறம். இரண்டுமே எந்தக் கட்சிக்கொடியிலும் இல்லை என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அடித்தோம்.

அப்புறம் கோடு. அதற்குப் பெயரே பச்சைக் கோடு என்பதால் பச்சையாகத்தான் போட வேண்டும். அவர் அகல பிரஷ்ஷை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தார். எனக்குத் தாங்கவில்லை.

"யோவ்! இவ்வளவு மொத்தமாவா? இந்த ஸ்கேலுக்கு உம்ம கோட்டுக்கடியில முழு செம்பூரும் மாட்டிக்கிடும்."

"கோடு தெரிய வேண்டாமா?"

நான் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். நாற்பத்தெட்டில் முதல் சண்டையை நிறுத்தினபோது எருசலேமில் இரண்டு தரப்புத் தளபதிகளும் ஒரு வரைபடத்தை விரித்து, தடித்த மெழுகுப் பென்சிலால் அவரவர் கோட்டைப் போட்டார்கள். காகிதத்தில் அது வெறும் கோடு. தரையில் வந்து பார்த்தால் பென்சிலின் தடிமனுக்கு அடியில் தெருவும் வீடுகளும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இவர்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. சரி, கோட்டின் அகலம் யாருக்கு? அதற்கு ஒரு சண்டை. வீட்டுக்காரர் வாயைப் பிளந்து கேட்டார். "அப்போ அந்தப் பென்சிலுக்கடியில இருந்தவன் கதி?" என்றார். எழுந்து போய் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து வந்தார்.

வகுப்பு நாள் காலையில் கொட்டோ கொட்டென்று மழை. பெயர்களை எழுதும் வேலை மட்டும் பாக்கி. எந்தெந்தப் பெயர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எது எங்கே என்று சொல்லவில்லை. ஒரு வாரமாக ராப்பகலாக அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்? நான் புடவை கட்டி முடிப்பதற்குள் அவர் எழுதி, விசிறிக் காய வைத்து, ஃப்ளெக்ஸின் இரண்டு ஓரத்தையும் நேராக நிற்கட்டும் என்று மடித்து ஸ்டேப்ளர் அடித்து, சுருட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். "பிரிச்சுப் பாக்காதே, நனைஞ்சா கலையும். தைரியமாப் போ, நன்னா வரும்" என்றார். நல்ல மனுஷன்.

தேர்வுக் குழுவில் எங்கள் பாட நிபுணராக வரவேண்டியவர் கல்யாண் ஸ்டேஷனில் ரயில் நின்றுபோய் மாட்டிக்கொண்டார். வந்து சேர்ந்தது பிரின்சிபாலும் குழுத் தலைவரும்தான். தலைவர் வணிகவியல் பேராசிரியர், வெளிக் கல்லூரிக்காரர், கறாரான ஆள். வகுப்பு நிறைய முதலாண்டுப் பிள்ளைகள். நான் வணக்கம் சொல்லிவிட்டு ஃப்ளெக்ஸைப் பிரித்து ஜன்னலை மறைத்தாற்போல மாட்டினேன்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் மறுபக்கத்துப் பிறந்தநாள் தலைவர் ஊடுருவித் தெரிந்தார். சரியாக மத்தியதரைக் கடலில் அவர் மீசை மிதந்துகொண்டிருந்தது. "கடலுக்கும் ஒருத்தர் உரிமை கொண்டாட வந்துட்டார்" என்று சமாளித்தேன். பிரின்சிபாலே சிரித்துவிட்டார். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து கிட்டே வந்து பார்த்து, "வரைபடம் தெளிவா இருக்கு. பெயரெல்லாம் நல்லாத் தெரியுது" என்றார். நானும் அப்போதுதான் பெயர்களைப் பார்த்தேன்.

வெஸ்ட் பேங்க் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. கோட்டுக்குக் கடல் பக்கம்.

அந்தப் பெயருக்குரிய நிலம் கோட்டுக்குக் கிழக்கே, ஆறுவரைக்கும். மனுஷன் அதை அப்படியே தூக்கிக் கடற்கரையில் வைத்துவிட்டார். ஆற்றைத் தேடினேன். வலது ஓரத்தை மடித்தாரே, ஆறு அந்த மடிப்புக்குள்ளே போய்விட்டது. ஒரு வாரமாக நான் சொன்னதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறார்!

பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று சத்தியமாக ஞாபகமில்லை. மனசு முழுக்க ஒரே கணக்கு. கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் கல்யாணில் நிற்கிறார். தலைவரோ தெளிவான வரைபடம் என்று வாயால் சொல்லியாகிவிட்டது. இப்போது தப்பு என்று சொன்னால் பிள்ளைகள் முன்னால் அவர் மூக்கை உடைத்த மாதிரி. சொல்லாமல் விட்டால்? பெஞ்சில் இடம், பாட்டில், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வாயை மூடிக்கொண்டு முடித்துவிட்டுப் போ என்றது ஒரு மனசு. நாலு படத்தையும் நகத்தையும் பற்றி, வரைந்தவன் எதைக் காட்டினான், எதை மறைத்தான் என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் என் வரைபடம் ஒரு ஜனத்தையே இடம் மாற்றி வைத்துக்கொண்டு தொங்குகிறது. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டேன். "வெஸ்ட் பேங்க் எங்க இருக்கு?"

எல்லோரும் கடற்கரையைக் காட்டினார்கள்.

"ஏன் அங்க?"

முன் வரிசைப் பெண் ஒருத்தி, இது ஒரு கேள்வியா என்பது மாதிரி எழுந்து, "மேடம், லைனுக்குக் கடல் பக்கம்தானே வெஸ்ட்?" என்றாள். வகுப்பே தலையாட்டியது. பிரின்சிபாலும் ஆட்டினார். தலைவரும் ஆட்டினார்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. என் வீட்டுக்காரர் தூங்கிவழிந்து எழுதவில்லை. கடல் இடது பக்கம், நடுவில் வடக்கே தெற்கே ஒரு கோடு. மும்பையில் பிறந்தவனுக்கு அது ரயில் லைன். லைனுக்குக் கடல் பக்கம் வெஸ்ட், மறுபக்கம் ஈஸ்ட். சைக்கிள் ரிப்பேர் கடைக்குக்கூட நாங்கள் அப்படித்தான் வழி சொல்வோம்.

"இந்த மேப் தப்பு" என்றேன்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஓரத்துக்குப் போய் ஸ்டேப்ளர் பின்களை நகத்தால் பிடுங்கி மடிப்பைப் பிரித்தேன். நீலமாக, மெல்லிசாக ஆறு வெளியே வந்தது. "இதுதான் ஜோர்டான் ஆறு. இதோட மேற்குக் கரைதான் வெஸ்ட் பேங்க். அந்தப் பேரு ஜோர்டான் அந்த நிலத்தை வெச்சிருந்த காலத்துல வந்தது. ஆத்தோரம் நின்னு பாத்தவங்களுக்கு அது மேற்கு. கடலோரம் நின்னு பாத்தா அதே நிலம் கிழக்கு. அங்க சில பேரு அதை யூதேயா, சமாரியான்னு வேற பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, எங்க முன்னோர் நிலம்னு. மேப்புல எந்தப் பேர் இருக்கோ, பாதி வாதம் அதுலயே முடிஞ்சிருது. நான் ஆறு இல்லாத மேப்பை மாட்டினேன். உங்களில் ஒருத்தரும் எதோட கரைன்னு கேக்கல."

தலைவரின் காது சிவந்துவிட்டது. வேலை போச்சு என்று நினைத்தேன். போனது போச்சு, மிச்சத்தையும் சொல்லிவிடுவோம் என்று வாய் தன் போக்கில் போனது.

"நான் தாராவியில பொறந்தவ. சயான் ஸ்டேஷன்ல எறங்கினா எங்க வீட்டுக்கு வெஸ்ட் பக்கம் வெளிய வரணும். மாஹிம் ஸ்டேஷன்ல எறங்கினா ஈஸ்ட் பக்கம் வெளிய வரணும். ரெண்டு லைனுக்கு நடுவுல இருக்கோம். சின்ன வயசுல யாராவது வெஸ்ட்டா ஈஸ்ட்டான்னு கேட்டா முழிப்பேன்."

தாராவிப் பிள்ளைகள் பின் வரிசையில் மேஜையைத் தட்டினார்கள். தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். கறாராகவே கேட்டார். "உள்ளே இருக்கிற நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நாங்களா சார்? வீட்டுக்குப் போறேன்னு சொல்லுவோம்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். நான் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

செம்பூருக்கு பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தவர் ஆவலாக, "மேப்பு எப்படி?" என்றார். ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்து விரலை வைத்துக் காட்டினேன்.

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"வெஸ்ட் பேங்க் அங்கனயா இருக்கு?"

"லைனுக்கு சமுத்திரப் பக்கம் வெஸ்ட்தானேடீ! மாட்டுங்கால பொறந்தவன்கிட்ட வேறென்ன எதிர்பாக்கறே?"

சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்புறம் நிஜமாகவே அழுதேன். வேலை கிடைக்காது என்று நினைத்தபோது அவ்வளவு வலித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மீசைத் தலைவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அலமாரியில் தன் பாதித் தட்டையும் எனக்கே விட்டுத் தருவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். பை மடியில் இருக்க, நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். "தலைவர் உங்க மேல ரொம்பக் கோபமாத்தான் போனார்" என்று ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "போறதுக்கு முன்னால கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனார். தப்பு மேப்பை வெச்சு என்னையே நம்ப வெச்சுட்டு, அதைத் தானே உடைச்சுச் சொன்ன அம்மா, இவங்களை விட்டுடாதீங்கன்னார்." நான் நன்றி சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. வெளியே வந்து தெருமுனையில் ஜிலேபி வாங்கி, ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன். மராத்தி சார் பாட்டிலை நகர்த்தி ஜிலேபிக்கு இடம் கொடுத்தார்.

வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் பெஞ்சின் ஓரத்து இடம் எனக்கு வந்தது. பச்சை மூடி போட்ட பாட்டில் ஒன்று வாங்கி வைத்தேன். ஃப்ளெக்ஸ் இப்போது வகுப்பறையில் தொங்குகிறது. பழைய எழுத்தை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, சரியான இடத்தில் வீட்டுக்காரரே வந்து எழுதித் தந்தார். அடித்ததை அழிக்க நான் விடவில்லை. வருகிற பிள்ளைகளெல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன்.

தீபாவளி லீவு முடிந்து ஒரு நாள். வகுப்பு முடித்து வந்து ஸ்டாஃப் ரூம் கதவைத் தள்ளினேன். என் இடத்தில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் பாட்டில் ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. எவ அவ, என் இடத்துல? எத்தனை வருஷம் காத்திருந்து வாங்கின இடம்! வார்த்தை பல்லுவரைக்கும் வந்துவிட்டது.

கதவு கிறீச்சிட்டது. அவள் பாதி எழுந்தாள். மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றாள். புதிதாக வந்திருக்கும் பீரியடு டீச்சர்.

வந்த வார்த்தையை முழுங்கிக்கொண்டேன். அவள் பையை வாங்கி மேஜை மேல், என் பாட்டில் பக்கத்தில் வைத்தேன்.

"தோடா சர்க்கோ" என்றேன்.